மொட்டைமாடியில் துருப்பிடித்த பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டி: என்ன பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

வேலூர், காட்பாடி, ஆற்காடு, இராணிப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில், பிளாஸ்டிக் தொட்டிகள் பரவலாவதற்கு முன்பு பட்டறையில் தகடு வெட்டிப் பற்றவைத்துச் செய்த இரும்புத் தொட்டிகள் இன்னும் மொட்டைமாடியில் இருக்கின்றன. அவை நன்றாக உழைத்தவை. கனமான தகட்டில் செய்தவை. ஆனால் அவற்றை நாம் ஏறிப் பார்ப்பது பெரும்பாலும் மாடித் தளத்தில் ஈரம் தெரிந்த பிறகுதான். அப்போது ஒழுகும் இடத்தில் வெளியிலிருந்து எம்சீல் வைத்து அடைத்துவிட்டு இறங்கிவிடுகிறோம், சில மாதங்களில் நாலு விரல் தள்ளி இன்னொரு இடம் ஒழுகுகிறது. ஒழுகல் என்பது அரிப்பின் தொடக்கம் அன்று, அதன் கடைசிக் கட்டம். தகடு உள்ளிருந்து வெளிநோக்கி அரிக்கப்பட்டு, மிஞ்சிய மெல்லிய தோலும் கிழிந்த பிறகே நீர் வெளியே வருகிறது. ஆகவே தொட்டியைக் காப்பாற்றலாமா, கைவிடலாமா என்ற முடிவை, ஒழுகும் துளையைப் பார்த்து எடுக்காமல், நீரையும் அடிச்சேற்றையும் முழுவதும் எடுத்துவிட்டு அடித்தகட்டை உள்ளிருந்து பார்த்த பிறகே எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒன்றை முன்வைத்தே எழுதப்பட்டது.

இந்த வட்டாரத்துத் தண்ணீர்

இரும்பு துருப்பிடிக்க நீரும் அதில் கரைந்த ஆக்சிஜனும் போதும். ஆனால் எவ்வளவு வேகமாக, எந்த வடிவில் துருப்பிடிக்கும் என்பதை நீரில் உள்ள உப்புதான் தீர்மானிக்கிறது. பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வளர்ந்த தோல் தொழிலில், பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்பிட்டுக் கொண்டுவந்து, பதப்படுத்தும் முன் அந்த உப்பை ஊறவைத்துக் கழுவி வெளியேற்றுவது வழக்கம். அந்தக் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்ததன் மீதான வழக்கில்தான், 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. நிலத்துக்குள் இறங்கிய உப்பு எளிதில் போவதில்லை. போர் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் வீடுகளில், உப்பில் உள்ள குளோரைடு, தகட்டின் மேல் தானாக உண்டாகும் காப்புப் படலத்தைத் துளைத்து, பரவலான மேலோட்டத் துருவுக்குப் பதிலாக ஆங்காங்கே ஆழமான குழிகளை உண்டாக்குகிறது. பரவலான துரு ஒரு தகட்டைத் தின்று முடிக்கப் பல்லாண்டுகள் ஆகலாம். குழி அரிப்போ தகட்டின் பெரும்பகுதி நல்ல நிலையில் இருக்கும்போதே ஓரிடத்தில் ஓட்டை போட்டுவிடும்.

எனவே வேலை தொடங்கும் முன் நீரைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்புடையது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. மொத்தக் கரைந்த உப்புக்கு இந்த வரம்புகள் 500, 2000. இவை குடிப்பவரை மனத்தில் வைத்து வகுத்தவை. இரும்புக்கு 250 மில்லிகிராமே தொல்லை கொடுக்கக்கூடியது. குளோரைடு எவ்வளவு என்பது பின்னால் புதுத் தொட்டி வாங்குவதா, எந்த உலோகத்தில் வாங்குவதா என்ற கேள்வியிலும் உதவும்.

பழுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது

குழாயில் பழுப்பாக வருகிறது என்றவுடன் தொட்டியின் மேல் பழி போட்டுவிடக் கூடாது. சில போர்களின் நீரிலேயே இரும்பு கரைந்திருக்கும். நிறமில்லாத இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்து, ஒன்றில் மோட்டார் ஓடும்போது தொட்டிக்குள் விழும் நீரையும், இன்னொன்றில் காலையில் முதன்முதலாகத் திறக்கும் சமையலறைக் குழாய் நீரையும் பிடித்து, அசைக்காமல் ஓர் இரவு வைத்திருங்கள். போர் நீர் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காற்றுப்பட்டு மெல்ல மஞ்சளாகிப் பழுப்பானால், இரும்பு நிலத்தடியிலிருந்தே கரைந்து வருகிறது. குழாய் நீர் பிடித்தபோதே கலங்கலாக இருந்து, காலையில் அடியில் கனத்த செதில்களும் பொடியும் தங்கியிருந்தால், அது தொட்டியிலிருந்தோ, துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாயான ஜி.ஐ. குழாயிலிருந்தோ பெயர்ந்து வந்த துரு. தொட்டியின் அடியிலிருந்து நேராக ஒரு பாட்டில் பிடித்து ஒப்பிட்டால் குழாயா தொட்டியா என்பதும் தெரிந்துவிடும். நீரில் அழுகிய முட்டை வாடை இருந்தால் அடிச்சேற்றுக்குள் காற்றுப் படாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று பொருள். அவையும் இரும்பை அரிக்கக் காரணமானவை.

நீரை வடிப்பதும், உள்ளே போவதும்

வேலைக்கு ஏற்ற காலம் தை முடிந்து மாசி, பங்குனி. மழை ஓய்ந்திருக்கும், காற்றில் ஈரம் குறைந்திருக்கும், தகடு தொட முடியாத அளவு சுடத் தொடங்கியிருக்காது. வேலை முடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை தொட்டியில் நீர் ஏற்ற முடியாது என்பதால், கீழ்ச் சம்ப்பிலிருந்து நேராகக் குழாய் இழுப்பதா, மாடியில் இரண்டு டிரம் வைத்துச் சமாளிப்பதா என்பதை முன்னதாகவே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அவசரமாக நீர் வேண்டும் என்ற நெருக்கடியில் பூச்சு காயும் முன்பே நிரப்பிவிடுவதுதான் இந்த வேலை வீணாவதற்குப் பெரும் காரணம்.

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். மூடிய இரும்புத் தொட்டிக்குள் துரு ஏறும்போது உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜன் செலவாகிறது. பல மாதம் வெறுமையாக, மூடியே கிடந்த தொட்டிக்குள் இறங்கும் ஒருவருக்கு எந்த வாடையும் தெரியாது, மூச்சு முட்டுவதாகவும் தோன்றாது. தலை சுற்றி விழுந்த பிறகு அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஆகவே மூடியைத் திறந்து ஒரு நாள் முழுவதும் விட்டு, புளோயர் அல்லது மேசை விசிறியால் வெளிக்காற்றை உள்ளே செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் இருக்கும் வரை வெளியே ஒருவர் வேறு வேலையில்லாமல் மூடியருகே நிற்க வேண்டும். உள்ளிருப்பவரின் இடுப்பில் கட்டிய கயிறு வெளியிலிருப்பவரின் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். தகடு ஈரமாக இருக்கும். 230 வோல்ட் ஒயரில் தொங்கும் பல்பை உள்ளே கொண்டுபோவது தற்கொலைக்குச் சமம். பேட்டரி விளக்கே போதும். கிரைண்டர் ஓட்டுவதானால் அந்த இணைப்பில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இருப்பதை உறுதிசெய்யுங்கள். ஆயிரம் லிட்டர் அளவுள்ள சிறிய தொட்டிக்குள் ஆளே போகத் தேவையில்லை. மேல்தகட்டை வெட்டி எடுத்துவிட்டால் வெளியில் நின்றே வேலை செய்யலாம், பிறகு அதே இடத்தில் போல்ட் வைத்த மூடியாக அமைத்துக்கொள்ளலாம். எனக்கு இதுவே எல்லா வகையிலும் சரியான வழியாகத் தோன்றுகிறது.

அடித்தகட்டைப் படிப்பது

நீரை வடித்ததும் அடியில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு வண்டல் கிடக்கும். அதை மண்வெட்டியால் சுரண்டாமல், பிளாஸ்டிக் தட்டால் அள்ளி வாளியில் வெளியேற்றுங்கள். கூரான இரும்பு பட்டால், தாங்கிக்கொண்டிருக்கும் இடமும் ஓட்டையாகிவிடும், எது ஏற்கனவே இருந்த ஓட்டை என்பது தெரியாமல் போகும். வண்டல் போன பிறகு தகட்டின் மேல் ஆங்காங்கே புடைத்த கொப்புளங்கள் தெரியும். மிளகளவு முதல் நெல்லிக்காய் அளவு வரை இருக்கும். அவற்றில் ஒன்றை விரல் நகத்தால் அழுத்தி உடைத்துப் பாருங்கள். மேலே செங்கல் நிறத்தில் கெட்டியான ஓடு. அதற்குக் கீழே மை போன்ற கறுப்புக் குழம்பு. குழம்பைத் துணியால் துடைத்தால், சுற்றிலும் துருவேறிய தகட்டின் நடுவே புத்தம்புது இரும்பு போல வெண்சாம்பலாக மின்னும் ஒரு சிறு கிண்ணம். அந்த மின்னல்தான் கெட்ட சேதி. ஓட்டுக்கு அடியில் காற்றுப் படாமல், குளோரைடு செறிந்து, அமிலத்தன்மை ஏறி, இரும்பு அந்த நொடியிலும் கரைந்துகொண்டிருந்த இடம் அது. அந்தக் கிண்ணத்தின் ஆழமே தொட்டியின் ஆயுளைச் சொல்கிறது.

தகட்டின் முதல் தடிமன் என்ன என்பதை மேன்ஹோல் விளிம்பிலோ, நல்ல நிலையிலுள்ள வேறொரு வெட்டு விளிம்பிலோ வெர்னியர் அளவியால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பிறகு உருண்டைத் தலைச் சுத்தியலால் அடித்தகடு முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். தடிமன் உள்ள இடம் கணீரென்று சொல்லும். மெலிந்த இடம் மொத்தென்று அமுங்கிக் கேட்கும், அங்கே சாக்பீஸால் வட்டமிடுங்கள். துல்லியமாக அறிய விரும்பினால், இராணிப்பேட்டை பெல் ஆலையைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் அல்ட்ராசானிக் திக்னஸ் கேஜ் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். வெளிப்புறம் ஒரு பக்கத்திலிருந்தே மீதமுள்ள தடிமனை அது காட்டிவிடும்.

அடித்தகட்டோடு நின்றுவிடாமல் இன்னும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, மூடியின் அடிப்பக்கமும் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பக்கத்தகடும். அங்கே ஆவி படிந்து வடிந்து, குளோரின் வாடையும் சேர்ந்து, நீருக்குள் இருக்கும் பகுதியைவிட மோசமாக அரித்திருப்பது சாதாரணம். இரண்டாவது, பற்றுவைப்பு மடிப்புகள். மூன்றாவது, பித்தளை வால்வு இரும்பு நிப்பிளில் இணையும் இடம். பித்தளையும் இரும்பும் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பே பலியாகும், அந்தப் பலி இணைப்பை ஒட்டி ஓர் அங்குலத்துக்குள் குவியும். வெளிப்புறத்தில், தொட்டி செங்கல் மேல் நேராக உட்கார்ந்திருந்தால், மழைநீர் தங்கும் அந்த அடிப்பக்கத்தையும் ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

மூன்று வழிகளில் எது

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. தகட்டின் தடிமன் பெரும்பாலான இடத்தில் மூன்றில் இரண்டு பங்காவது மீந்திருந்து, ஆழ்குழிகள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தால், சுத்தம் செய்து பூச்சு அடித்துக் காப்பாற்றலாம். அடித்தகடு மட்டும் போய், பக்கங்கள் நன்றாக இருந்தால், அடியை வெட்டி மாற்றலாம். பக்கங்களும் மேல்பகுதியும் சேர்ந்து மெலிந்திருந்தால், அதன் மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. ஒரு மீட்டர் உயரத் தொட்டியின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு டன் நீர் உட்கார்ந்திருக்கிறது. அது மாடியில், நாம் தூங்கும் அறைக்கு மேலே இருக்கிறது.

கைவிடுவது என்று முடிவானால் இரண்டு எச்சரிக்கைகள். பிளாஸ்டிக் தொட்டி வாங்குபவர்கள் ஐ.எஸ். 12701 முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குவதோடு, அதைப் பழைய இரும்புத் தொட்டி நின்ற இரண்டு கர்டர்களின் மேல் அப்படியே தூக்கி வைத்துவிடக் கூடாது. இரும்புத் தொட்டி இரண்டு கட்டையின் மேல் நிற்கும், பிளாஸ்டிக் தொட்டிக்கோ அடிப்பரப்பு முழுவதும் தாங்கும் சமமான தளம் வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்து விரிசல் விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி என்றால் துருவே பிடிக்காது என்ற நம்பிக்கையும் நம் ஊர் நீருக்குப் பொருந்தாது. 304 ரகம் குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் குழி அரிப்புக்கு ஆளாகத் தொடங்கும்; 316 ரகம் அதைவிட மிகவும் தாங்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் மட்டுமே ஏற்றும் வீட்டில் 304 போதும். போர் நீர் ஏற்றும் வீட்டில் ஆய்வக அறிக்கையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

அடியை மாற்றுவது

பற்றவைப்பவர், "பழசு மேலேயே ஒரு ஷீட்டு போட்டு சுத்தி வெல்டு வெச்சுடலாம் சார், வேலையும் சீக்கிரம் முடிஞ்சுடும்" என்று சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே சிக்கிய துருவும் ஈரமும் வெளியேற வழியின்றி, கண்ணுக்குத் தெரியாமல் இரண்டையும் தின்னும். பழைய அடியையும், அதோடு சேர்ந்து பக்கத்தகட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு சாண் அளவையும் வெட்டி எடுத்துவிட்டு, பற்றவைக்கும் விளிம்பை இரண்டு பக்கமும் ஓர் அங்குலத்துக்குப் பளபளவென்று தேய்த்து, மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத புதுத்தகட்டை வைத்து உள்ளும் புறமும் விடாமல் தொடர்ச்சியாகப் பற்றவைக்க வேண்டும். இடைவிட்டு இடைவிட்டுப் பொட்டு வைப்பது நீர்த்தொட்டிக்கு உதவாது. பத்துக் கேஜ் வெல்டிங் ராடு பொதுவாகச் சரியாக இருக்கும். பழைய தகடு ராடு பட்டவுடன் உருகி ஓட்டையாகிறது என்றால், அந்த இடம் பற்றுவைப்புக்குத் தகுதியில்லை என்று தகடே சொல்கிறது, இன்னும் மேலே வெட்டுங்கள். தொட்டி ஜி.ஐ. தகடாக இருந்தால் பற்றவைக்கும் விளிம்பில் துத்தநாகப் படலத்தைத் தேய்த்து நீக்கிவிட வேண்டும், அதன் புகை கடும் காய்ச்சலைக் கொடுக்கும்.

பழைய துருவேறிய இரும்போடு புதிய தகட்டைச் சேர்த்துப் பூச்சில்லாமல் விட்டால், புதியதுதான் முதலில் அரிபடும். நீருக்குள் பழையதும் புதியதும் ஒரு பேட்டரியின் இரு முனைகளாகிவிடுகின்றன. "புதுத்தகடுதானே" என்று அடியை மட்டும் பூசாமல் விடுவதால்தான் பல பழுதுபார்ப்புகள் இரண்டாம் முறை ஒழுகுகின்றன.

வீட்டுக்கு நீர் இறங்கும் குழாயைப் புதிய அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே வைத்து, வண்டலை வெளியேற்றுவதற்கென்று தனியாக மிகத் தாழ்ந்த மூலையில் ஒரு வாஷ் அவுட் வால்வு வையுங்கள். தொட்டியை நிறுத்தும்போது அந்த மூலையை நோக்கிச் சிறு சரிவு கொடுங்கள். பழைய தொட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வால்வே கிடையாது. வண்டல் ஆண்டுக்கணக்கில் தங்கியதற்கும் அதன் அடியில் குழிகள் விழுந்ததற்கும் அதுவே காரணம்.

துருவை நீக்குவது

பூச்சு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அடித்தளம் சுத்தமில்லாவிட்டால் தோலாக உரிந்து வரும். அழுத்தக் காற்றால் மணலைப் பீய்ச்சித் துருவை எடுக்கும் மணல் பிளாஸ்டிங் செய்ய முடிந்தால் அதற்கு ஈடில்லை. முடியாதபோது, சிப்பிங் சுத்தியலால் கொப்புளங்களை உடைத்து, கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் மாட்டி, குழிகளுக்குள் கூரான கம்பியால் சுரண்டி, உலோகப் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். பழைய தொட்டியின் மேல் ஆரஞ்சு நிற ரெட் லெட் பிரைமர் அடித்திருந்தால் உலரத் தேய்க்காதீர்கள். அது ஈயம், தூள் குழந்தைகள் விளையாடும் மாடியெல்லாம் பரவும். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் கட்டிக் குப்பையில் தனியாகச் சேர்க்க வேண்டும். உள்ளே தார்ப்பூச்சு இருந்தால் அதன் மேல் நாம் பின்னால் அடிக்கப்போகும் எப்பாக்ஸி (பசையும் ஹார்டனரும் கலந்து அடிக்கும் பூச்சு) பிடிக்காது, முழுவதும் எடுத்தாக வேண்டும்.

குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றித் துருவைக் கரைப்பது வேகமான வழியாகத் தெரியும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எந்தக் குளோரைடால் குழி விழுந்ததோ அதே குளோரைடைக் குழிக்குள் மேலும் இறக்குகிறது, தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளியிடுகிறது, பின்னால் யாராவது அதே ஈரத்தில் பிளீச்சிங் பவுடர் தூவினால் குளோரின் நச்சுவாயு கிளம்பும். இரும்புத் தொட்டிக்குள் அதற்கு இடமே இல்லை.

அடுத்தது பலரும் தாண்டிச் செல்லும் படி. நம் ஊரில் மிக முக்கியமானது. தேய்த்து முடித்த தகடு கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் குழிகளின் அடியில் உப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீரால் கழுவித்தான் நீக்க வேண்டும். ஆனால் போர் தண்ணீரால் கழுவினால் எடுத்த உப்பை மறுபடி பூசியதாகிவிடும். சேமித்த மழைநீர், அல்லது ஆர்.ஓ. கேன் தண்ணீர் நாலைந்து கேன் வாங்கி, பிரஷ்ஷால் குழிகளைத் தேய்த்துக் கழுவி, உடனே துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஓர் இரவு விட்டுக் காலையில் பாருங்கள். தகடு முழுவதும் லேசான மஞ்சள் படர்ந்திருந்தால் அது காற்று ஈரத்தின் வேலை, ஒரு முறை தேய்த்தால் போதும். சில குழிகள் மட்டும் கருத்து, வியர்த்தது போல ஈரமாக இருந்தால் உப்பு இன்னும் அங்கே இருக்கிறது. அந்தக் குழிகளை மறுபடி கழுவுங்கள். இதைச் சலிக்காமல் இரண்டு மூன்று முறை செய்பவரின் பூச்சுதான் நிற்கும்.

துருவைக் கறுப்பாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டர் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றின் அடிப்படை டானிக் அமிலம். நம் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலைப் பதப்படுத்தியது அதே துவர்ப்புப் பொருளால்தான், கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் மையாகக் கறுப்பதும் அதனால்தான். வெளிப்புறச் சட்டங்களுக்கும் கர்டர்களுக்கும் அது நல்லது. குடிநீர் படும் உட்புறத்தில், எப்பாக்ஸி தயாரித்தவர் எழுத்தில் அனுமதித்திருந்தால் ஒழியப் பயன்படுத்த வேண்டாம்.

பூச்சு

உட்புறத்துக்குச் சாதாரண எனாமல், ரெட் ஆக்சைடு, அலுமினியம் பெயின்ட், கப்பல்களுக்கான தார் எப்பாக்ஸி எதுவும் கூடாது. கரைப்பான் கலக்காத, உணவுத்தரமுள்ள எப்பாக்ஸியைக் கேளுங்கள், மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ. போன்ற ஒன்றின் சான்றிதழ் உள்ளதா என்று கேட்டு, அதன் நகலைப் பார்த்த பிறகு வாங்குங்கள். டப்பாவில் உணவுத்தரம் என்று அச்சிட்டிருப்பது மட்டும் போதாது.

ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் உள்ள ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு உட்பரப்பு ஆறு சதுர மீட்டர். 300 மைக்ரான் (0.3 மில்லிமீட்டர்) கனத்துக்குக் கணக்கிட்டால் 1.8 லிட்டர் வேண்டும். குழிகள் குடிப்பதும் பிரஷ்ஷில் வீணாவதும் சேர்த்து இரண்டரை லிட்டர் வாங்கிக்கொள்ளலாம். ஆழமான குழிகளை அதே நிறுவனத்தின் உணவுத்தர எப்பாக்ஸி பட்டியால் முதலில் நிரப்புங்கள். பிறகு பற்றுவைப்பு மடிப்புகள், மூலைகள், விளிம்புகள் ஆகியவற்றுக்கு மட்டும் சிறிய பிரஷ்ஷால் ஒரு கை தனியாக அடியுங்கள், ஏனென்றால் ஈரப் பூச்சு கூர்மையான விளிம்பிலிருந்து விலகி ஓடும், அங்கேதான் முதல் துரு தலைகாட்டும். அதன் பிறகு முழுப்பரப்புக்கும் இரண்டு கை, இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கிடைத்தால் விட்டுப்போன இடம் உடனே தெரியும்.

வேலூர் வெயிலில் எப்பாக்ஸியோடு போராடியவர்களுக்குத் தெரியும். பசையும் ஹார்டனரும் கலந்த பின் வேலை செய்யக் கிடைக்கும் நேரம், வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ பாதியாகிறது. டப்பாவில் 25 டிகிரிக்கு நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தால், பங்குனி மதியத்து நிழலில் அது இருபதுக்கும் கீழே போய்விடும், வெயில் படும் தகட்டின் மேல் இன்னும் குறையும். ஆகவே கால் லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள், கலந்ததை ஆழமான டப்பாவில் வைக்காமல் அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள், தொட்டியின் மேல் முந்தின நாளே பந்தல் போட்டு நிழல் செய்யுங்கள். அதே சமயம் விடியற்காலையில் தகட்டின் மேல் பனி வியர்த்திருந்தால் பூச்சு பிடிக்காது. தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட, மூன்று டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நடைமுறையில் இது காலை எட்டு மணிக்கு மேல் பத்தரைக்குள் என்று வரும். கையுறை கட்டாயம், ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் அது வாழ்நாள் முழுவதும் போகாது.

கை தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் அன்று. தயாரித்தவர் சொல்லும் முழுக் கெட்டிப்படும் காலம், பெரும்பாலும் ஏழு நாள், மூடியைத் திறந்துவைத்துக் காற்றோட்டத்தோடு காத்திருக்க வேண்டும்.

பழைய கொத்தனார்கள் தொட்டியின் உள்ளே சிமெண்டுப் பால் அடிக்கச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. சிமெண்டின் காரத்தன்மை இரும்பைத் துருவிலிருந்து காக்கும், பெரிய குடிநீர் இரும்புக் குழாய்களுக்கு உள்ளே இன்றும் சிமெண்டுக் கலவைப் பூச்சு பூசுகிறார்கள். ஆனால் தட்டையான மெல்லிய தகடு, நீர் ஏற இறங்க உப்பித் தளரும்போது சிமெண்டு விரிசல் விட்டு உதிரும். வட்டக் குழாய்க்குப் பொருந்துவது சதுரத் தொட்டிக்குப் பொருந்தாது.

இணைப்பு, கிருமிநீக்கம், பராமரிப்பு

வால்வுகளை மறுபடி மாட்டும்போது பித்தளைக்கும் இரும்புக்கும் இடையே ஒரு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் இணைப்புத் துண்டு வைத்து உலோகத் தொடர்பை அறுத்துவிடுங்கள். வெளிப்புறத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்தால் நீரின் சூடு குறையும், அரிப்பின் வேகமும் குறையும். தொட்டியைச் செங்கல் மேல் வைக்காமல், ரப்பர் அட்டை விரித்த கர்டர்கள் மேல், அடியில் கை நுழையும் இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

முதல் நிரப்பல் கழுவுவதற்கு, அதை வடித்துவிடுங்கள். இரண்டாவது நிரப்பலில் ஆயிரம் லிட்டருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 150 கிராம் எடுத்து, வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள்; அடியில் தங்கும் சுண்ணாம்பை ஊற்றினால் அதுவே புது வண்டலாகும். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும், ஆக லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும். திறந்து கிடந்த பழைய பொட்டலத்தில் அந்த வீரியம் இருக்காது. வீட்டுக் குழாய்களில் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஓர் இரவு ஊறவிட்டு, வடித்து, வாடை போகும்வரை கழுவுங்கள். அந்த நீரைச் செடிகளுக்கு விடாதீர்கள்.

குளியலறை கீசருக்குள் தொங்கும் மக்னீசியம் கம்பி போலவே, தொட்டியின் உள்ளேயும் ஒன்றைத் தகட்டோடு கம்பியால் இணைத்துத் தொங்கவிடலாம். பூச்சில் நுண்துளை இருந்தால் இரும்புக்குப் பதிலாக அது கரையும். நம் உப்பு நீரில் வேகமாகத் தேயும் என்பதால் ஆண்டுக்கொரு முறை பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். வாஷ் அவுட் வால்வை மாதம் ஒரு முறை அரை நிமிடம் திறந்து, வெளிவரும் முதல் நீரை வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். வெறும் மண்வண்டல் என்றால் கவலையில்லை. செதிலாகத் துரு வந்தால், அடுத்த கோடைக்காகக் காத்திருக்காமல் அந்த வாரமே மூடியைத் திறந்து, பற்றுவைப்பு மடிப்புகளையும் மூலைகளையும் முதலில் பாருங்கள்.